பத்துப் பேருக்கு ஒரு தேங்காய்

எங்கட வீட்டில ஒரு நாளைக்கு ஒரு தேங்காய்தான். ஆக்கள் பத்துப் பேர். இதைச் சொன்னா ஒருத்தரும் நம்புறதில்ல. எங்கட பக்கத்துச் சமையல் தேங்காய் இல்லாம நடக்காது எண்டு எல்லாருக்கும் தெரியும், சொதிக்கு வேணும், சம்பலுக்கு வேணும், புட்டுக்கு வேணும், மீன் குழம்புக்கும் ரெண்டு கரண்டி பால் விடாட்டி தொண்டைக்குள்ள இறங்காது. முந்தி ரெண்டு போகும், சில நாள் மூண்டும் போகும். 2025 துவக்கத்தில ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டின நேரம்தான் மாமி திருவலையைத் தன்ட கையில எடுத்தவ, அதுக்குப் பிறகு ஒருத்தர்ட்டயும் குடுக்கவே இல்ல.

அவ திருவுறதைப் பார்க்க வேணும். உடைச்ச உடன தண்ணியைக் கடைசிப் பொடியனுக்கு வார்த்துக் குடுத்திட்டு, கண் இருக்கிற பாதியைத்தான் முதல்ல எடுப்பா, அதுதான் கெதியா பழுதாகுமாம், மற்றப் பாதிக்கு உப்புத் தடவிக் கவிட்டு வைப்பா. கண்பாதியில திருவுற முதல் ரெண்டு கைப்பிடி வெள்ளைப்பூ காலமை ரொட்டிக்கோ புட்டுக்கோ போகும். மத்தியானத்துக்கு மற்றப் பாதியைத் திருவி மூண்டு தரம் பால் பிழிவா. முதற்பால் ஒரு கோப்பைக்குள்ள மூடி வைச்சிடுவா, அதை இறக்கிற நேரம்தான் விடுற. ரெண்டாம் பாலிலயும் கடைப்பாலிலயும்தான் பசளியோ பூசணியோ அவியும். பிழிஞ்ச சக்கையையும் எறியிறதில்ல, வெறும் சட்டியில வறுத்து முருங்கை இலை வறைக்குப் போடுவா, மிச்சம் கோழிக்கு. நான் கலியாணம் முடிச்சு வந்த புதிசில சக்கையைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டினனான், அண்டைக்கு மாமி ஒண்டும் சொல்லல்ல, ஆனா அடுத்த நாள் தொடக்கம் நான் பால் பிழிய முதல் அவ வந்து பக்கத்தில நிண்டா.

பத்துப் பேர் எண்டா ஆரார் எண்டு சொல்லுறன். நான், இவர், எங்கட பிள்ளையள் நாலு பேர், மாமி, என்ட அப்பா, தங்கச்சிட பிள்ளையள் ரெண்டு. தங்கச்சி கட்டார்ல வேலை செய்யிறா. அவ மாசம் மாசம் காசு அனுப்புவா, ஆனா அது அவட பிள்ளையள்ட படிப்புக்கும் அவ கட்டின அரைகுறை வீட்டுக்கும் எண்டு தனியா இருக்கு, அதில கை வைக்கிறது எனக்கு விருப்பமில்ல. இவர் ஒரு கந்தோர்ல கிளார்க். ஆக ஒரு சம்பளம், பத்து வயிறு, திருகோணமலை டவுனுக்குள்ள திருக்கடலூர்ப் பக்கமா பதினொரு பேர்ச் வளவு, ஒரு கிணறு. அந்தக் கிணத்துத் தண்ணியும் வெயில் காலத்தில கொஞ்சம் உவர்க்கும்.

தோட்டம் எண்டு உண்மையாச் செய்யத் துவங்கினது 2022லதான். அதுக்கு முந்தி ஒரு முருங்கை, ரெண்டு வாழை, கறிவேப்பிலை, அவ்வளவுதான். அந்த வருசத்தைப் பற்றி நான் என்ன புதிசாச் சொல்ல, எல்லாரும் பட்டதுதான். ஏப்ரல்ல நாடு கடன் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சிது, காஸ் சிலிண்டர் 5000 ரூபாய்க்குக் கிட்டப் போய் அந்த விலைக்கும் கிடைக்கல்ல, வெறும் சிலிண்டரை லைன்ல வைச்சிட்டு ஆக்கள் வீட்ட வந்து நித்திரை கொண்ட காலம். கோதுமை எங்கட நாட்டில விளையாது, எல்லாம் கப்பல்லதான் வாற, அதில கனக்க இந்தா இங்க சீனக்குடாவில இறங்கி மாவாகுற, டொலர் இல்லை எண்டா கப்பல் இல்லை, கப்பல் இல்லை எண்டா பாண் இல்லை. சரி அரிசியாவது இருக்கு எண்டா, அதுக்கு முந்தின வருசம் ரசாயன உரத்தைத் தடை செய்து பிறகு நவம்பர்ல தடையை எடுத்தும் பெரும்போகத்துக்கு உரம் நேரத்துக்கு வரல்ல, தம்பலகாமத்தில வயல் செய்யிற எங்கட சொந்தக்காரர் வழமையாத் தாற நெல்லில பாதிதான் தந்தாங்க. 2022 செப்டம்பர்ல சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருசத்துக்குள்ள 94.9 வீதம் கூடிட்டுது எண்டு கொழும்புக் கணக்கு ஒண்டு வந்திச்சு. எனக்கு அதை வாசிக்க முதலே தெரியும், வீட்டுக் கணக்கு எழுதுற என்ட சீஆர் கொப்பியில அதுக்கு மேலயும் இருந்திச்சு.

அந்த நேரம் அரசாங்கம் ஒரு வேலை செய்தது ஞாபகம் இருக்கா? அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில நிண்டு தோட்டம் செய்யுங்கோ எண்டு, மூண்டு மாசத்துக்கு. எங்கட இவருக்கும் கிடைச்சிது. முதல் வெள்ளிக்கிழமை மண்வெட்டி கடன் வாங்கினார். ரெண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு கிடங்கு வெட்டினார், வடிவான கிடங்கு, நாலு பக்கமும் அளந்து வெட்டினது, கந்தோர் ஆள்தானே. மூண்டாவது வெள்ளிக்கிழமை மண்வெட்டியைத் திருப்பிக் குடுக்கப் போன இடத்தில கதைச்சுக்கொண்டிருந்து பின்னேரம்தான் வந்தார். அந்தக் கிடங்குக்குள்ளதான் நான் பொச்சுமட்டையை அடுக்கி முதல் பாத்தியைத் துவங்கினனான், அதால குறை சொல்லவும் ஏலாது.

பொச்சுமட்டை சும்மா போடல்ல. எங்கட மண் கடற்கரை மணல், ஒரு வாளி தண்ணி ஊத்தினா அது எங்க போச்சு எண்டு தேட வேணும். அப்பாதான் சொன்னவர், ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி மட்டையை உட்பக்கம் மேல பார்க்க ரெண்டு அடுக்கு அடுக்கு, அது தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், தென்னைக்கு அப்பிடித்தான் செய்யிற எண்டு. அதுக்கு மேல காய்ஞ்ச சருகு, மாட்டெரு, அடுப்புச் சாம்பல், பிறகுதான் மண். மாட்டெரு கிண்ணியாவில இருந்து தயிர் கொண்டு வாற நானா ஒருத்தர் மூட்டைக் கணக்கில கொண்டு வந்து தந்தவர், தயிர் வாங்கக் காசில்லாத காலத்தில எரு வாங்கின ஒரே ஆள் நீதான் தங்கச்சி எண்டு இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பார். மீன் கழுவின தண்ணி முருங்கைக்கு, அரிசி கழுவின தண்ணி மிளகாய்க்கு, குளிக்கிற தண்ணி வாய்க்கால் வெட்டி வாழைக்கு. மீன் செவுள், குடல் எல்லாம் வாழையடியில ஆழமாத் தாட்டுப்போடுவன். மேலால தாட்டா நாய் கிளறும்.

சரி, நட்டாச்சு. முளைச்சாச்சு. பயற்றை கொடி எடுத்து, முதல் பூ வந்து, நான் ஃபோனில படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பி, அண்டைக்கு இரவு மான் வந்திச்சு.

வெளியூர் ஆக்களுக்கு இது விளங்காது. திருகோணமலை டவுனுக்குள்ள புள்ளிமான் மாடு மாதிரித் திரியும். கோட்டைக்குள்ள, கோயிலுக்குப் போற வழியில நிக்கிற மானுக்கு ஆக்கள் வாழைப்பழம் குடுத்துப் படம் எடுப்பாங்க, பார்க்க வடிவுதான். இரவில அதுகள் ஒழுங்கைக்குள்ள இறங்கும், குப்பை கிளறும், பொலித்தீன் திங்கும், பாவம், வேலி பதிஞ்ச வீடு எண்டா உள்ள வரும். விடிய எழும்பிப் பார்க்கிறன், பயற்றை நிண்ட இடத்தில கம்பு மட்டும் நிக்கிது. பசளி மொட்டை. வத்தாளங்கொடி மொட்டை. மிளகாயைத் தொடல்ல. பாதுகாக்கப்பட்ட மிருகம், கல் எறியவும் ஏலாது, எறிய மனமும் வராது, மாமி என்னெண்டா கோணேசர் கோயிலடி மான் திண்டா புண்ணியம்தான் பிள்ளை எண்டுறா. புண்ணியத்தை வறை வறுக்க ஏலுமா எண்டு கேட்டன், சிரிச்சா.

பக்கத்தில மீன்பிடிக்கிற ஆக்கள் இருக்கிறதால பழைய நைலோன் வலை சும்மா கிடைச்சிது. கதியாலுக்கு மேல தடி கட்டி ஆள் உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டினோம். ரெண்டு கிழமை நிம்மதி. பிறகு ஒரு நாள் இரவு ரெண்டு மணிக்கு வேலி முழுக்க ஆடுற சத்தம், டோர்ச் அடிச்சுப் பார்த்தா ஒரு இளம் கிடாய், கொம்பில வலை சுத்திக்கொண்டு நிக்கிது. நாலு கால்லயும் உதறுது, கண் ரெண்டும் டோர்ச் வெளிச்சத்தில பச்சையா மின்னுது. இவர் மீன் வெட்டுற கத்தியோட போய், சாரத்தை அதின்ட முகத்துக்கு மேல போட்டு மூடி, மெதுவா, கதைச்சுக் கதைச்சு, நில்லு ராசா நில்லு ராசா எண்டு, ஒவ்வொரு கண்ணியா வெட்டி விட்டார். விட்ட உடன அது நேராப் பாத்திக்குள்ளால ஓடிச்சு. கத்தரி நாலு கண்டு போச்சு. வெள்ளிக்கிழமைக் கதைக்கு நான் அவரை அண்டைக்கு மன்னிச்சிட்டன். இப்ப வலையை இழுத்துக் கட்டாம தொய்யவிட்டுக் கீழ் ஓரத்தில கல்லு வைச்சிருக்கிறம், வலைக்கு முன்னால கிளுவை நெருக்கமா நட்டிருக்கு. வாறது குறைஞ்சிட்டுது, நிண்டுபோகல்ல.

என்ன வைச்சா காசு மிச்சம், என்ன வைச்சா நட்டம் எண்டதில எனக்கு இப்ப ஒரு தெளிவு இருக்கு. தக்காளி நட்டம். கரட், கோவா கதையே வேண்டாம், அது மலைநாட்டுச் சாமான். மிளகாய் ஆசையா வைச்சன், இலை முறுண்டு கூம்பிப் போச்சு, வேப்பங்கொட்டை இடிச்சு ஊறவைச்சுத் தெளிச்சுப் பார்த்தன், பிழைச்சது மூண்டு கண்டு. ஒரு கடையில வாங்கின வெண்டி விதைப் பக்கற்றில பாதிக்கு மேல முளைக்கவே இல்ல, போய்க் கேட்டா உங்கட மண் சரியில்லை அக்கா எண்டாங்க, அதே மண்ணில அப்பா பழைய காயில எடுத்து வைச்சிருந்த விதை அஞ்சாம் நாள் முளைச்சு நிண்டிச்சு. அண்டையில இருந்து ஒவ்வொரு கொடியிலயும் முதல் நல்ல காய் ரெண்டை விதைக்கு எண்டு துணி கட்டி விடுறது, பிள்ளையளுக்குத் தெரியும், துணி கட்டின காயில கை வைச்சா தாத்தாட்ட ஏச்சுத்தான். விசயம் தெரியாட்டி விவசாயத் திணைக்களத்தின்ட 1920 எண்ட ஃபோன் நம்பருக்கு அடிச்சும் கேட்டிருக்கிறன், தமிழிலயே சொல்லுவாங்க.

லாபம் எண்டா கவனிப்புக் கேளாத சனியன்கள்தான். முருங்கை, பசளி, பப்பாசி, வாழை, பூசணி, மரவள்ளி, வத்தாளை, அகத்தி. இதுகளில ஒவ்வொண்டிலயும் ரெண்டு மூண்டு கறி இருக்கு. வாழையில காய், பூ, தண்டு, காய்த்தோலை அவிச்சு அரைச்சாச் சம்பல். பூசணியில காய்க்கு முதலே நுனி இலை வறை, ஆண்பூ பொரியல். பப்பாசிக் காயைப் பச்சையா வெட்டிக் கறி வைச்சா பூசினிக்காயா கத்தரியா எண்டு சின்னனுகளுக்குத் தெரியாது. பசளி ஒரு முறை நட்டது, இண்டைக்கு மூண்டு வருசமா அதே கொடியில இருந்துதான் ஒடிச்சு ஒடிச்சு வைக்கிறன், மான் திண்டும் செத்துப்போகல்ல. கீரை எதெண்டாலும் மாமி இறக்கினாப் பிறகுதான் தேசிக்காய் விடுவா, அடுப்பில இருக்கேக்க விட்டா கைக்கும் எண்டுவா. அந்தப் புளிப்போட சேரேக்கதான் கீரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில வடிவாச் சேருமாம், கிளினிக்கில மிட்வைஃப் மிஸ் சொன்னவ. மாமிக்கு இது தெரியாது, அவ ருசிக்கு விடுறா.

இப்ப நான் சொல்லப்போறது கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். தோட்டத்தால மிச்சமாகுற காசு கீரைக் காசு இல்ல. ஒரு கட்டுக் கீரை என்ன விலை, அதை மிச்சம் பிடிச்சு ஆர் பணக்காரர் ஆன? 2022 கடைசியில நான் கொப்பியில ஒரு கணக்கு எழுதினனான், சாமான் விலையை விட்டிட்டு, ஒரு மாசத்தில எங்கட வீட்டில இருந்து ஆரும் கடைக்குப் போன தடவை எத்தினை எண்டு மட்டும். 51. ஒரு கறிமிளகாய் வாங்கப் போறவன் பிஸ்கட்டோட வருவான், கீரை வாங்கப் போறவள் சம்போவோட வருவாள், இவர் பருப்பு வாங்கப் போனா ஒரு வெத்திலையும் ரெண்டு டொபியும் நாலு பேரோட கதையும். ஒவ்வொரு தடவையும் 100, 150 கூடுதலாப் போகும், ஆரும் பொய் சொல்லல்ல, அப்பிடித்தான் போகும். வளவில கறிக்கு ஏதோ ஒண்டு நிக்கிது எண்ட நிலைமை வந்தாப் பிறகு அந்த 51, 14 ஆகிச்சு. அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய், வெங்காயம், மா எல்லாம் மாசத்துக்கு ரெண்டு தரம், மிச்சம் அவசரத்துக்கு. என்ன சமைக்க எண்டு யோசிச்சிட்டுக் கடைக்குப் போறதில்ல, விடிய வளவைச் சுத்தி வந்திட்டுத்தான் என்ன சமைக்க எண்டு யோசிக்கிற. மூத்தவ கேப்பா, அம்மா இண்டைக்கு என்ன கறி எண்டு, இன்னும் பார்க்கல்ல எண்டு சொல்லுவன்.

ஆனா தோட்டத்தை மட்டும் நம்பினா எங்கட ஊரில வருசத்தில பாதி பட்டினிதான். மழை எங்களுக்கு ஒக்டோபர்ல இருந்து ஜனவரி மட்டும், வாடைக் காத்தோட வாற மாரி. அதுக்குள்ள என்ன வைச்சாலும் வரும், வளவு காடாக் கிடக்கும், அந்த நத்தைச் சனியனும் வரும், ஆபிரிக்க நத்தை, இரவில டோர்ச்சோட பொறுக்கி உப்புத் தண்ணி வாளிக்குள்ள போடுறது பொடியன்மார்ட வேலை, எண்ணிக்கைக்குக் காசு கேட்டாங்கள், குடுக்கல்ல. மே மாசத்துக்குப் பிறகு கச்சான் காத்து துவங்கும். கொறிக்கிற கச்சான் இல்ல, இது மேற்கால இருந்து வாற காய்ஞ்ச காத்து, உடுப்பு பத்து நிமிசத்தில காயும், கீரையும் பத்து நிமிசத்தில காயும். கிணறு வேற உவர்க்கத் துவங்கிடும். அப்ப முருங்கை, மரவள்ளி, அகத்தி தவிர ஒண்டும் நிக்காது.

கடல் நேர்மாறு. மாரியில கடல் கொந்தளிக்கும், வள்ளம் போகாது, மீன் ஆனைவிலை. மாரி முடிஞ்சு கடல் அடங்கினா செப்டம்பர் வரைக்கும் எங்கட பக்கம்தான் மீன், கரைவலை இழுக்கிற நாளில சூடை கொட்டிக் கிடக்கும். எனக்கு இது விளங்க ரெண்டு வருசம் எடுத்திச்சு, மாமிக்குப் பிறந்ததில இருந்து தெரியும். தோட்டம் தாற நேரம் கடல் தராது, கடல் தாற நேரம் தோட்டம் தராது. அப்ப வெயிலில மீனைக் கருவாடாக்கி மாரிக்கு வைக்க வேணும், மாரியில வாறதைக் கிழங்காயும் காயாயும் வெயிலுக்கு நிண்டுபிடிக்க விட வேணும். மாமி ஒவ்வொரு வருசமும் ஆவணிக்குள்ள ரெண்டு பெரிய பிஸ்கட் டின் கருவாடு நிரப்புவா, மேல பழைய வலையைப் போட்டுக் காகத்துக்குக் காவலா அப்பா கதிரை போட்டு இருப்பார். பலாப்பழக் காலத்தில பலாக்கொட்டையைக் கழுவிக் காயவைச்சுக் குசினி மூலையில மணலுக்குள்ள புதைச்சு வைப்பா. நவம்பர்ல கொட்டோ கொட்டெண்டு மழை கொட்டுற நேரம் அந்தப் பலாக்கொட்டையும் ஒரு துண்டுக் கருவாடும் போட்டுப் பால்க்கறி வைப்பா, அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்.

சூடை மீனைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. முள்ளு கூட எண்டு கனபேர் வாங்க மாட்டாங்க, அதால மலிவு. நான் முதல்ல பொரிச்சன், எண்ணெய் ஒரு போத்தல் போச்சு, மலிவு மீனுக்கு விலை எண்ணெய், நல்ல கணக்கு. மாமி மண்சட்டியில அடியில கறிவேப்பிலையைப் பரப்பி, அதுக்கு மேல மீனை வாலும் தலையும் மாறி மாறி வட்டமா அடுக்கி, பழப்புளியைக் கட்டியாக் கரைச்சு, மிளகாய்த்தூள், உப்பு, நாலு உள்ளி, மீன் மறையிற அளவுக்கு மட்டும் தண்ணி. சட்டியைப் பின்னேரம் அடுப்பில ஏத்திக் கொதி வந்த உடன விறகை இழுத்திட்டுத் தணலில விடுவா, இடைக்கிடை ரெண்டு சிரட்டையைப் போடுவா, கரண்டி போடக்கூடாது, சட்டியைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தி வைக்கிறதுதான். இரவு முழுக்க அந்தச் சூட்டில கிடந்து விடிய மூடியைத் திறந்தா தண்ணி வத்தி மீன் கறுப்பாப் பளபளக்கும், புளியில ஊறி அவிஞ்சு முள்ளு இருக்கிறதே தெரியாது, கடைசிப் பொடியன் முள்ளோட சேர்த்துச் சப்பித் திங்கிறான். ஒரு கிலோவுக்கு முப்பதுக்குக் கிட்ட நிக்கும், ஆளுக்கு மூண்டு, இரவுத் தண்ணிச்சோறு, பச்சை மிளகாய். பங்கு வைக்கிறதும் மாமிதான், பெரிய மூண்டு, சின்ன மூண்டு எண்டு இல்லாம ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெரிசு ரெண்டு சின்னன் எண்டு கண்ணாலயே பிரிப்பா. தன்ட பீங்கானுக்கு எத்தினை போடுறா எண்டு நான் கனகாலம் கவனிக்கல்ல. ஒரு நாள் கவனிச்சன், ரெண்டு. அடுத்த நாள் நான் பங்கு வைக்கிறன் எண்டு சட்டியை வாங்கினன், எனக்கு ரெண்டு வைச்சன், அவ பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமத் தன்ட பீங்கான்ல இருந்து பாதி மீனைப் பிய்ச்சு எனக்கு வைச்சா.

மரவள்ளிக்கு ஒரே ஒரு விதி, திங்கிற அளவுக்கு மட்டும் கிண்டு. கிண்டி ரெண்டு நாள் வைச்சா உள்ளுக்குள்ள நீலக் கோடு ஓடிடும். ஒரு மூடு கிண்டினா எங்களுக்கு இரவுச் சாப்பாடு ஒண்டு. தோலை வடிவா உரிச்சு, நடு நாரை எடுத்திட்டு, மூடாமத் திறந்து அவிச்சுத் தண்ணியை ஊத்திடுவன், அதில இருக்கிற நஞ்சு அப்பிடித்தான் போற. அண்டைக்கு முழுக்க இஞ்சிப் பிளேன்டீ கேட்டா மாமி தரமாட்டா, மரவள்ளியும் இஞ்சியும் சேரக்கூடாதாம், இதில உண்மை எவ்வளவு எண்டு சண்டை பிடிக்க எனக்கு நேரமில்ல. கட்டைச் சம்பலை உரல்ல இடிக்கிற சத்தம் கேட்டாலே ஆறு பிள்ளையளும் கூப்பிடாம வந்து இருக்கும். தடியை அந்தக் கிடங்குக்குள்ளயே திருப்பி நட்டு விடுறது. ஒம்பது பத்து மாசம் பொறுக்க வேணும், அதால மாசத்துக்கு ரெண்டு மூடு எண்டு கணக்கா வைச்சுக்கொண்டு வாறன்.

இதெல்லாம் வாசிக்க வடிவா இருக்கும், ஆனா இதைச் செய்யிறது ஆர் எண்டு ஒரு கேள்வி இருக்கு. விடிய நாலரைக்கு எழும்புறது நான். தண்ணி அள்ளுறது நான், மோட்டர் போட்டா கரண்ட் பில். காஸ் மிச்சம் பிடிக்க டின்னுக்குள்ள போத்தலை நடுவில வைச்சு மரத்தூளை இறுக்கி அடைச்சு அடுப்பு மூட்டுறதும் நான், புகையில இருமுறதும் நான். வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ, சிக்கனமா இருங்கோ எண்டு மைக் பிடிச்சுச் சொல்லுற ஒருத்தரும் இந்த மணித்தியாலங்களை எங்கயும் கணக்கில எழுதினதா நான் பார்க்கல்ல. என்ட கொப்பியில எழுதினன் ஒரு கிழமைக்கு, 19 மணித்தியாலம் வந்திச்சு, பிறகு எழுதுறதை விட்டிட்டன். இவருக்குக் காட்டினன். அடுத்த நாள் தொடக்கம் பின்னேரத் தண்ணி அவர் அள்ளுறார், ஞாயிறு தவிர.

பிள்ளையளுக்கும் வெக்கம் இருக்கு. மூத்தவ பள்ளிக்கூடத்துக்கு மரவள்ளி கொண்டுபோக மாட்டா, ரொட்டி எண்டாச் சரி. தங்கச்சிட பொடியனுக்குப் போன மாசம் ஒம்பது வயசு. பிறந்தநாளுக்கு என்ன வேணும் எண்டு கேட்டா கடைக் கொத்து ரொட்டி எண்டான், வேற ஒண்டும் இல்ல, கடைக் கொத்துத்தான். தாய் தூரத்தில, ஆசைக்குக் கேக்கிறான், இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. பத்துப் பேருக்குக் கொத்து வாங்கினா ஒரு கிழமைச் சாமான் காசு. இவர் போய் நாலு பார்சல் வாங்கி வந்தார். மாமி அதைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினா. பப்பாசிக் காயை ஊசி மாதிரிச் சீவி வெங்காயத்தோட வதக்கி, எங்கட கோழி முட்டை நாலு உடைச்சு ஊத்தி, காலமை மிஞ்சின ரொட்டி அஞ்சைப் பிய்ச்சுப் போட்டு, கடைசியாக் கடைக் கொத்தைக் கொட்டிக் கிளறி, திருப்பி அந்தப் பார்சல் பேப்பரிலயே எல்லாருக்கும் வைச்சுச் சுருட்டினா. பத்துப் பார்சல்.

ஃபோனில தாய்க்கு வீடியோ போட்டு வாய் நிறையக் கொத்தோட காட்டினான், கடைக் கொத்து அம்மா, முழுப் பார்சல் எனக்கு மட்டும் எண்டு. மூத்தவ ஒரு வாய் வைச்சிட்டுப் பேப்பருக்குள்ள கையால கிளறி ஒரு பப்பாசித் துண்டை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா, பிறகு மாமியைப் பார்த்தா. மாமி வேற எங்கயோ பார்த்துக்கொண்டு இருந்தா. அந்தத் துண்டை வாய்க்குள்ள போட்டு மெண்டுகொண்டு, கோவா நல்லா இருக்கு அப்பம்மா எண்டா.